வால் உரசிய விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓடுபாதையில் விமானத்தின் வால் உரசினால் அது விமானியின் தவறுதானே?

பதில்: மூக்கை அவசரமாகவோ அளவுக்கு மீறியோ தூக்குவதுதான் பெரும்பாலும் உடனடிக் காரணம். ஆனால் அவர் ஏன் அப்படித் தூக்கினார் என்பதையும் பார்க்க வேண்டும். 2009 மார்ச்சில் மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340 புறப்பட்டபோது, கணக்கிடும் கருவியில் 362.9 டன்னுக்குப் பதில் 262.9 டன் என்று பதிவாகிவிட்டது. ஓர் இலக்கம்தான் தப்பு. கருவி அந்த எடைக்கேற்ற குறைந்த வேகத்தையும் குறைந்த உந்துவிசையையும் சொன்னது. மூக்கைத் தூக்கியும் விமானம் எழவில்லை. வால் தரையில் தேய்ந்துகொண்டே போய், ஓடுபாதை முடிந்த பிறகுதான் மேலே ஏறியது. அதில் இருந்த 275 பேரும் தப்பித்தார்கள்.

இறங்கும்போதும் வால் உரசும். பொதுவாக அப்போதுதான் சேதம் அதிகம்.

கேள்வி: மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் சரக்கை எங்கே வைத்தால் என்ன?

பதில்: அப்படி விட முடியாது. எடை எங்கே குவிகிறது என்பதுதான் விமானத்தின் ஈர்ப்பு மையத்தைத் தீர்மானிக்கிறது. அது முன்னால் போனால் மூக்கு கனத்து, தூக்கவே சிரமமாகும். வரம்பை மீறிப் பின்னால் போனால் விமானி இழுக்காமலே மூக்கு எழும்பும், வால் உரசும். லோட்ஷீட்டில், அதாவது எடை எங்கே எவ்வளவு என்று காட்டும் தாளில், வரும் கணக்கை வைத்துத்தான் விமானி டிரிம், அதாவது மூக்கின் சமநிலைக்கான வால் இறக்கைக் கோணம், அமைக்கிறார். பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) இடம் மாறி ஏறியதை யாரும் சொல்லாவிட்டால் அந்த டிரிம்மும் தப்பாகிவிடும்.

சரியான இடத்தில் வைத்தால் மட்டும் போதாது, நகராமல் கட்டவும் வேண்டும். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் 747 சரக்கு விமானம் ஒன்று ஐந்து கவச வாகனங்களோடு கிளம்பியது. கட்டு போதாமல் ஒரு வாகனமாவது பின்னோக்கி நகர்ந்து, ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும்) அமைப்புகளையும் வால் இறக்கையை இயக்கும் பொறியையும் உடைத்தது. விமானியின் கட்டுப்பாடு போனது, ஏழு பேரும் இறந்தார்கள்.

கேள்வி: வெறும் கீறல்தான் என்றால் மேலே ஒரு தகடு அடித்துப் பறக்கவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. கீறலின் ஆழத்தை அளந்து, வரம்புக்குள் இருந்தால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். மீறினால் அந்தப் பகுதியையே வெட்டி மாற்ற வேண்டும். ஒவ்வொரு பறப்பிலும் கேபின் அழுத்தத்தால் உடல் விரிந்து சுருங்கும்போது கீறல் கொஞ்சம் கொஞ்சமாக விரிசலாகும். மேலே தகடு இருந்தால் அது வெளியே தெரியாது.

1980-ல் ஹாங்காங்கில் வால் உரசிய சைனா ஏர்லைன்ஸ் 747-க்கு இப்படித்தான் நடந்தது. கீறலை அகற்றாமல் மேலே தகடு போட்டார்கள். 22 ஆண்டுகள் கழித்து, 2002 மே 25 அன்று தைவான் ஜலசந்திக்கு மேலே அது நடுவானில் சிதறியது. 225 பேர் இறந்தனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன் பரிசோதனையில் எடுத்த படங்களில் அந்தத் தகட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தது. கேபினில் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில், உள்காற்று இடுக்கு வழியே கசிந்து விட்டுப்போன சிகரெட் கறை அது. உள்ளே ஏதோ திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானத்தின் கதையும் இதே வகைதான். 1978-ல் வால் உரசலுக்குப் பின் பிரஷர் பல்க்ஹெட்டை (கேபின் அழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கச் சுவரை) பழுதுபார்த்தபோது, ஒரே துண்டாக வரவேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தாங்க வேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கியது. ஏழு ஆண்டுகளில் அது விட்டுப்போய் 520 பேர் இறந்தனர்.

கேள்வி: கார்பன் இழையால் செய்த விமான உடலில் இந்தத் தொல்லை இல்லையா?

பதில்: வேறு மாதிரி இருக்கிறது. வெளியே லேசான அடையாளம்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதனால் கண்ணை நம்பாமல் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்க்கிறார்கள்.

கேள்வி: பயணியாகப் பின்வரிசையில் உரசல் சத்தம் கேட்டால் சொல்லலாமா?

பதில்: தாராளமாக, உடனே பணியாளரிடம் சொல்லுங்கள். முன்னால் இருக்கும் விமானிகளுக்கு அது உணராமலே போகலாம். தகவல் கிடைத்தால் உயரே ஏறி விமான உடலுக்கு அழுத்தம் கூட்டாமல், தாழ்வாகவே பறந்து திரும்பி இறங்கிவிடுவார்கள்.