எரிமலையே இல்லாத சிங்கப்பூரில் செம்பாவாங் வெந்நீர் ஊற்று எப்படி?

"பக்கத்தில் எரிமலை இல்லை, பிறகு ஏன் தண்ணீர் கொதிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். செம்பாவாங்கில் வளர்ந்த எனக்கும் சின்ன வயதில் இதே கேள்விதான். தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். "பூமிக்குக் காய்ச்சல்மா" என்பார். வெளிநாட்டில் நிலத்தடி நீரைப் படித்துவிட்டு ஊர் திரும்பியதும் நான் முதலில் போனது அந்த வெந்நீர் ஊற்றுக்குத்தான், கையில் வெப்பமானியோடு.

எரிமலை தேவையில்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. உலகில் பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். இங்கே அதைவிட வேகமாகக் கூடுகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பகுதியில் துளையிட்டபோது, 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி செல்சியஸ் பதிவானது. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 50 டிகிரிக்கும் மேல்! அடியில் இருப்பது 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கருங்கல். அதிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்கள் மெல்லச் சிதைந்து வெப்பம் தருகின்றன. என்னை இன்றும் சிலிர்க்க வைப்பது இதுதான்: நெருப்பே இல்லாமல், கல்லே அடுப்பாகிறது.

சூடேறிய நீர் பிளவுகள் வழியே விரைவாக மேலே வருவதால் முழுதும் ஆறுவதில்லை, சுமார் 70 டிகிரியில் வெளிப்படுகிறது. 2020இல் திறந்த புதிய பூங்காவில் மக்கள் முட்டை அவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கால் நனைக்க ஆறவிட்ட தொட்டிகள் உண்டு. பிள்ளைகளை மட்டும் ஊற்றுக் குழாயருகே விடாதீர்கள், அந்தச் சூடு தோலைச் சுட்டுவிடும்.