ஸ்போக்கன் இங்கிலீஷுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். தம்பி பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறான். தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவான், இங்கிலீஷ்தான் வாயில் வரவில்லை. அவனை ஆறு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்க 24,000 ரூபாய் கட்டினேன். 'பேட்ச்சுக்குப் பத்துப் பேர்தான்' என்றார்கள். போய்ப் பார்த்தால் நாற்பது பேர். தினமும் போர்டில் பத்து இடியம் (மரபுத்தொடர்) எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். மூன்று வாரத்தில் அவன் ஒருமுறைகூட எழுந்து பேசவில்லை. பணத்தைக் கேட்டால், 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லை அம்மா. ரசீதில் அச்சடித்துவிட்டால் அது சட்டம் ஆகிவிடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிகப் பழக்கம் என்கிறது. ரசீதில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். பள்ளி, கல்லூரிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று வழக்குகள் நீள்கின்றன. ஆனால் கோச்சிங் சென்டர்கள் கல்வி நிறுவனம் என்ற வேலிக்குள் வர மாட்டா என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. அவர்கள் 'நாங்கள் கல்விச் சேவை செய்கிறோம்' என்று ஆரம்பித்தால் அதற்கு நீங்கள் மயங்க வேண்டாம்.

உங்கள் வழக்கின் உயிர் 'பத்துப் பேர்தான்' என்ற அந்த வாக்குறுதியில் இருக்கிறது. அது அவர்களுடைய விளம்பர நோட்டீஸில் இருக்கிறதா, வாட்ஸ்அப்பில் வந்ததா என்று முதலில் தேடுங்கள். வாய்ப்பேச்சாகத்தான் சொன்னார்கள் என்றால் இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: 'சேரும்போது பேட்ச்சுக்குப் பத்துப் பேர் என்றீர்கள், இப்போது நாற்பது பேர் இருக்கிறார்கள், எப்போது சரிசெய்வீர்கள்?' அவர்கள் அதை மறுக்காமல் சமாதானம் சொன்னாலே உங்களுக்குச் சாட்சி கிடைத்துவிடும். அப்புறம், மூன்று வாரத்துக்கு உரியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படி பதினைந்து நாள் கெடு வைத்து இமெயிலிலும் பதிவுத் தபாலிலும் கடிதம் அனுப்புங்கள். முழுப் பணத்தையும் கேட்பதைவிட இப்படிக் கேட்டால் சீக்கிரம் படியும் என்பது என் அனுபவம்.

அசையவில்லை என்றால் 1915-க்கு போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பெங்களூரிலிருந்து பேசினாலும் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் போடலாம். இரண்டு ஆண்டு வரை நேரம் இருக்கிறது, ஆனால் ஆறப்போடாதீர்கள்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். 24,000-ஐ ரொக்கமாகக் கட்டினீர்களா, இஎம்ஐ-யிலா? 'வட்டியில்லாத தவணை' என்று சொல்லிப் பல சென்டர்களில் கையெழுத்து வாங்குவது உண்மையில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரம். அப்படியானால் வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. தவணையை நீங்களாக நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.

தம்பியை அடுத்த வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேர வகுப்பு, நாற்பது பேர். ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தாலும் தலைக்கு ஒன்றரை நிமிடம்தான் வரும். பத்துப் பேர் என்றால் ஆறு நிமிடம். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்த நிமிடங்களைத்தான். ஏசி, புரொஜெக்டர், சான்றிதழ் எதுவும் அதற்கு ஈடாகாது. ஒரு நாள் இலவசமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அன்று தம்பி எத்தனை நிமிடம் பேசினான் என்று கைக்கடிகாரத்தில் குறித்துவரச் சொல்லுங்கள். உட்கார விடாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: இங்கிலீஷ் கற்றுத்தரும் ஒரு செயலியை ஏழு நாள் இலவசம் என்று இறக்கினேன். பிடிக்காமல் மூன்றாம் நாளே அழித்துவிட்டேன். ஆனாலும் ஓர் ஆண்டுச் சந்தா 3,999 ரூபாய் பிடித்துவிட்டார்கள். என்ன செய்வது? (மகாதேவபுரா வாசகர்)

பதில்: செயலியை அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்துவிட்டு, அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிடித்து ஓரிரு நாளுக்குள் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் திறந்து அந்த அனுமதியை நீக்குங்கள். இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தகவல் வரவில்லை என்றால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை. வெளிநாட்டு விருந்தினர் பேசுவது பாதி புரியவில்லை. அவென்யூ ரோட்டில் 'ஆயிரம் இடியம்' என்று ஒரு புத்தகம் பார்த்தேன். வாங்கலாமா? எந்த டிக்ஷனரி நல்லது?

பதில்: அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். இந்தக் கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் பாடுபட்டுச் சம்பாதித்த பணமும் ராத்திரித் தூக்கமும் இந்தப் பட்டியல்களில் போகின்றன.

பட்டியல் அர்த்தத்தைச் சொல்லும். எங்கே, யாரிடம் சொல்லலாம் என்று சொல்லாது. 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது என்று போட்டிருக்கும். ஆனால் அது நம் 'மண்டையைப் போட்டான்' மாதிரி. துக்கம் கேட்கப் போன வீட்டில் 'அப்பா எப்போ மண்டையைப் போட்டார்?' என்று யாராவது கேட்பார்களா? 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் அது அபூர்வம். மழை கொட்டினால் 'இட்ஸ் போரிங்' (pouring) என்பார்கள். அதையும் காதில் கேட்டுப் பழக வேண்டும், இல்லாவிட்டால் சலிப்பாக இருக்கிறது என்று சொல்வதாகத் தோன்றும்.

உங்கள் மேஜைக்கு வரும் இங்கிலீஷ் சின்னச் சின்ன வினைச்சொற்களால் ஆனது. 'த ஏசி இஸ் ஆக்டிங் அப்' என்றால் ஏசி தகராறு செய்கிறது. 'த சிங்க் இஸ் பேக்ட் அப்' என்றால் தொட்டியில் தண்ணீர் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 'வீவ் ரன் அவுட் ஆஃப் டவல்ஸ்' என்றால் துண்டு தீர்ந்துவிட்டது, யாரும் வெளியே ஓடவில்லை. 'ஐ வில் செட்டில் அப் டுமாரோ' என்றால் நாளைக்குக் கணக்கை முடித்துப் பணம் தருகிறேன். அமெரிக்கர் சாப்பிட்டுவிட்டு 'செக்' கேட்டால் அது பில். அவர் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் தரைத்தளம். பிரிட்டிஷ்காரருக்கும் நமக்கும் அது ஒரு மாடி மேலே. இது தெரியாவிட்டால் பெட்டியோடு ஆளை மாடி ஏற்றி இறக்க வேண்டிவரும்.

நாம் பேசும் சிலதும் அவர்களுக்குப் புரியாது. 'மேனேஜர் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால் எந்த ஸ்டேஷன் என்று விழிப்பார்கள். அது தப்பு இங்கிலீஷ் இல்லை, நம் நாட்டு இங்கிலீஷ்; நமக்குள் தாராளமாகப் பேசலாம். விருந்தினரிடம் மட்டும் 'அவுட் ஆஃப் டவுன்' என்று சொல்லுங்கள்.

ஆகவே, ஐந்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று மேஜை டிராயரில் இருக்கட்டும். புரியாத வாக்கியத்தைக் கேட்டபடியே, தமிழ் எழுத்தில்கூடச் சரி, எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் ஹோட்டலுக்கென்றே ஒரு புத்தகம் சேர்ந்திருக்கும்.

டிக்ஷனரி என்றால், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்று எழுதியதாக இருக்க வேண்டும். அட்டையில் 'லேர்னர்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் லேர்னர்ஸ் டிக்ஷனரி 1948-ல் வந்தது. அதைத் தொகுத்த ஹார்ன்பி ஜப்பானில் மாணவர்களுக்கு இங்கிலீஷ் கற்பித்தவர், எங்கே தடுக்கும் என்று தெரிந்து செய்திருக்கிறார். 1978-ல் வந்த லாங்மேன், ஏறக்குறைய 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொல்லையும் விளக்குகிறது. கடையில் நின்றபடியே 'கெட்' என்ற சொல்லைப் புரட்டுங்கள். 'கெட் அப்', 'கெட் அலாங்', 'கெட் ஓவர்' எல்லாம் தனித்தனியாக, உதாரண வாக்கியத்தோடு இருந்தால் அது உங்களுக்கு ஆகும்.

அவென்யூ ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு பதிப்பு முந்தையதை எடுத்தாலும் போதும், 'கெட்' மாறிவிடவில்லை. ஆனால் எழுத்து மங்கி, தாள் மறுபக்கம் தெரிந்து, அட்டை மட்டும் பளபளத்தால் அது திருட்டு அச்சு. நடுவில் பக்கம் விட்டுப்போயிருக்கும், மாற்றித் தரவும் மாட்டார்கள். பணம் செலவழிக்க வேண்டாம் என்றால் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றின் லேர்னர்ஸ் டிக்ஷனரிகளும் இணையத்தில் இலவசம். அங்கே ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது, ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறார். பேத்தியின் பள்ளிக்கூட மிஸ்ஸிடம் தானே பேச வேண்டும் என்கிறார். ஆன்லைன் வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவருக்குத் தேவை ஒரு மிஸ், ஒரு பேத்தி, பத்து நிமிடப் பேச்சு. 'ஹவ் இஸ் ஷி டூயிங் இன் கிளாஸ்?', 'டஸ் ஷி ஈட் ஹெர் லன்ச்?', 'குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?' மூன்று வாக்கியம் போதும் தொடங்க. மூன்றாவதுதான் முக்கியம்; அது இருந்தால் பயம் பாதி போய்விடும். பேத்தியை மிஸ்ஸாக உட்காரவைத்துத் தினமும் சாயங்காலம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். காது பழக பிபிசியின் இலவச ஒலித்தொடர் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இருக்கிறது, சமைக்கும்போது ஓடட்டும். மூன்று மாதம் கழித்து அவரே வகுப்பு கேட்டால், ஐந்தாறு பேர் நேரில் உட்காரும் வகுப்பாகப் பாருங்கள். மாதாமாதம் கட்டணம் வாங்குகிற இடமாக இருக்கட்டும், மொத்தமாகக் கட்ட வேண்டாம்.