திடீர்னு ஆஃப் ஆகுற கம்ப்யூட்டர்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

டெஸ்க்டாப், லேப்டாப் மட்டும் கேளுங்க. மொபைல் எனக்குத் தெரியாது.

தேனி தம்பி: அண்ணே, கேம் போட்டு பத்து நிமிஷத்துல பொசுக்குனு ஆஃப் ஆகுது. சும்மா கெடந்தா ஒண்ணும் ஆகல. கடையில ஃபார்மட் பண்ணணும்ங்கிறாங்க.

பதில்: ஃபார்மட் பண்ணாதீங்க தம்பி. லோடு ஏறுனா மட்டும் போகுதுன்னா ஒண்ணு சூடு, இல்ல எஸ்எம்பிஎஸ், அதான் கேபினெட்டுக்குள்ள கரண்ட மாத்திக் குடுக்குற பவர் சப்ளை டப்பா. கேம் ஓடுறப்ப ப்ராசஸர் டெம்பரேச்சர் பாருங்க, 95, 100னு ஏறுனா ப்ராசஸரே வேகத்தக் குறைச்சுக்கும், அப்பவும் அடங்கலைன்னாதான் கட் ஆகும், அதனால போறதுக்கு முன்னாடி கேம் திக்கித் திக்கி ஓடிருக்கும். அப்படின்னா ப்ராசஸர் மேல சூட்ட இழுக்குற ஹீட்சிங்க்ல தூசி அடைச்சிருக்கும், ரெண்டுக்கும் நடுவுல தடவுன பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பா இருக்கும், சுத்தமா தொடச்சிட்டு புதுசா பட்டாணி அளவு வைங்க. திக்கல் எதுவும் இல்லாம சுவிட்ச அமத்துன மாதிரி போச்சுன்னா எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழ எறங்கக் கூடாது, ஆனா பயாஸ்ல, அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரையில, பாத்தா லோடே இல்லாததால நல்ல புள்ளையா காட்டும், யார்கிட்டயாவது நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டிப் பாருங்க. கேபினெட்டோட சும்மா வந்ததுல 450 வாட்னு ஸ்டிக்கர் இருக்கும், அத நம்பாதீங்க. முக்கியமா, எஸ்எம்பிஎஸ்ஸத் தொறக்காதீங்க. ப்ளக்கப் புடுங்குனாலும் உள்ள கரண்ட சேத்து வைக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் வரைக்கும் நிக்கலாம்.

ஒரு அக்கா: விண்டோஸ் நடந்தத எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு சிவப்பா இருக்கு, வைரஸா?

பதில்: இல்லக்கா. ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைன்னு அடுத்து ஆன் ஆனப்ப விண்டோஸ் எழுதி வச்சது. ஆள் செத்துட்டாருன்னு சொல்லுது, எதனாலன்னு சொல்லல.

காலேஜ் பையன்: லேப்டாப் அப்படியே உறைஞ்சு நிக்குது, மவுஸ் மட்டும் நகருது. ஃபார்மட் பண்ணவா?

பதில்: பண்ணாதப்பா! பழைய ஹார்டு டிஸ்க்தானே? டிஸ்க் நல்லாருக்கான்னு காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர்ல சி5 வரி, அதான் படிக்க முடியாம தவிக்கிற இடங்களோட கணக்கு, அதுல ரா வேல்யூ பூஜ்யம் இல்லைன்னா டிஸ்க் போகப் போகுது, ப்ராஜெக்ட்ட மொதல்ல காப்பி எடு, மத்தது அப்புறம்.

சர்வீஸ்காரர் ஒருத்தர்: எல்லாத்துக்கும் முன்னாடி ரேம கழட்டி ரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க சார். 20 வருஷமா அதான் பண்றேன்.

பதில்: வந்துட்டாருய்யா. கழட்டி மாட்டுனாலே பாதி சரியாயிடும், பேரு ரப்பருக்குப் போகுது. ரேம் பின்னுல இருக்குற தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, தேச்சுத் தேச்சு அதயும் எடுத்துருவீங்க.

சர்வீஸ்காரர்: கஸ்டமர் ரேம் ஒண்ணாவது என் கையில செத்துச்சா? நம்ம ஊரு ஈரக்காத்துக்கு அழுக்கு புடிக்குதே, அத யாரு எடுப்பா?

பதில்: ஐசோப்ரோபைல் ஆல்கஹால் எடுக்கும். பஞ்சுல தொட்டு ஒரு இழுப்பு. சரி, வெள்ள ரப்பர்னா விட்டுடுறேன், அந்தப் பேனா மை அழிக்கிற நீல ரப்பர் மட்டும் வேண்டாம், அது உப்புத்தாள் மாதிரி.

சர்வீஸ்காரர்: நீல ரப்பர யாரு சொன்னா?

பதில்: போன வாரம் ஒருத்தர் அதுல தேச்சுட்டு எடுத்துட்டு வந்தாரு. பின்னு செம்பு தெரியுது.

இன்னொருத்தர்: யுபிஎஸ் இருந்தும் கரண்டு போனா ஆஃப் ஆகுது.

பதில்: பேட்டரி மூணு வருஷம் தாண்டியிருக்கும். மாத்துங்க.

இன்னும் ஒருத்தர்: ஃபார்மட் பண்ணா சரியாகுமா சார்?

பதில்: மேல படிங்க.

தேனி தம்பி: அண்ணே பாத்துட்டேன், 68 டிகிரிதான், திக்கவே இல்ல, பொசுக்குனு போயிடுச்சு. எஸ்எம்பிஎஸ் மூடி ஸ்க்ரூ நாலும் கழட்டிட்டேன், அடுத்து?

பதில்: திருப்பி மாட்டு.