தருமபுரி, கிருஷ்ணகிரி அளவில் நடத்தும் நாளிதழ்ப் பக்க வடிவமைப்புப் போட்டிக்கு நடுவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள், வார இதழ்கள், கல்லூரி மாணவர் பத்திரிகைகள் எல்லாம் சேர்த்து 120 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுக்கே பதில் சொல்கிறேன்.

தகுதியான ஆள் கிடைத்துவிடுவார். போட்டியில் சம்பந்தம் இல்லாத ஆள்தான் கிடைக்கமாட்டார். இந்த இரண்டு மாவட்டத்திலும் லே-அவுட் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவர்களில் பாதிப் பேர் போட்டிக்கு வரும் பத்திரிகையில் இன்று வேலை செய்வார்கள், மீதிப் பேர் நேற்றுவரை செய்திருப்பார்கள். அதனால் பெயர்களில் ஆரம்பிக்காதீர்கள். குழுவில் என்னென்ன கண்கள் வேண்டும் என்று ஐந்து இடங்களை எழுதிக்கொண்டு, இடத்துக்கு மூன்று பெயர் வீதம் தேடுங்கள்.

ஏன் ஐந்து? மூன்று பேர் வைத்தால், ஒருவர் தன் பத்திரிகை என்று விலகும்போது இரண்டு பேர் மிஞ்சுவார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் முடிவே வராது. ஏழு பேருக்குத் தேதி ஒத்துவராது. ஐந்து பேர், கூடவே ஒரு மாற்று நடுவர். இது போதும்.

முதல் இடம், தினசரி டெட்லைனில் பல வருடம் தமிழ்ப் பக்கம் போட்டவருக்கு. தமிழ்ச் சொல் நீளம். ஒற்றை ‘காலம்’ (column) அகலத்தில் இரண்டு ஓரமும் நேராக நிறுத்தினால் சொல்லுக்குச் சொல் இடைவெளி பிளந்து, பத்தி முழுக்க வெள்ளை ஓடை ஓடும். தலைப்பு இடத்தில் அடங்கவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கியிருப்பார்கள். இதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் பிடிக்க அனுபவம் வேண்டும்.

இரண்டாவது இடத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளரை அழைக்கச் சொல்வேன். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே கன்னட, ஆங்கிலப் பத்திரிகைகளில் ஆள் உண்டு. செய்தியின் சுவாரசியத்தில் மயங்காமல் கட்டமைப்பை மட்டும் பார்ப்பார்கள். ஆனால் தமிழ் நாளிதழ்களுக்கும் பெங்களூருப் பதிப்பு இருக்கிறது, அங்கே பகுதி நேரமாக வேலை செய்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். தலைப்பை வாசித்துச் சொல்ல ஒரு மாணவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஓசூர்ப் பக்கமிருந்து தெலுங்கு, கன்னடம், உருது இதழ்கள் வந்தால் மற்ற நடுவர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது, புகைப்படம் அல்லது வரைகலை தெரிந்தவர். இந்த இடத்துக்குச் சேலத்தில் எளிதாகக் கிடைப்பார்.

நான்காவது, அச்சகக்காரர். பெரும்பாலும் இவரை மறந்துவிடுகிறார்கள். நியூஸ்பிரிண்ட் (நாளிதழ்த் தாள்) மையை உறிஞ்சும், அச்சுப் புள்ளி பரவும். நான்கு வண்ணப் பின்னணியில் பொடி வெள்ளை எழுத்து வைத்தால், ரெஜிஸ்டர் (நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) துளி விலகினாலும் எழுத்து கலங்கிப்போகும். மங்கிய பக்கத்துக்குக் காரணம் மெஷினா, அங்கே அப்படி எழுத்து வைத்தவரா என்று இவரால்தான் சொல்ல முடியும். அவர் பிரஸ்ஸிலேயே ஏதாவது போட்டி இதழ் அச்சாகிறதா என்று பாருங்கள். ஓய்வு பெற்றவராக இருந்தால் பிரச்சினை குறைவு.

ஐந்தாவது, வாசகர். மாவட்ட மைய நூலகத்திலோ பென்னாகரம், தேன்கனிக்கோட்டை போன்ற ஊர்க் கிளை நூலகத்திலோ இருக்கும் நூலகர் நல்ல தேர்வு. எல்லா நாளிதழும் தினமும் அவர் மேஜைக்கு வருகிறது. வாசகர்கள் எந்தப் பக்கத்தை முதலில் விரிக்கிறார்கள், எந்த எழுத்தைக் கண்ணருகே தூக்கிப் பிடித்துப் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர். அரசுப் பணியாளர் என்பதால் அனுமதிக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதுங்கள்.

ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். பெண், இளையவர், கிராமத்தவர், சிறு பத்திரிகை என்று எல்லாக் கணக்கையும் ஒரே ஆள் தலையில் கட்டி மற்ற நான்கு நாற்காலியிலும் ஒரே மாதிரி ஆட்களை உட்கார வைப்பது பலதரப்பு ஆகாது.

அதிகாரிகள், பிரமுகர்கள், நன்கொடையாளர்கள் பரிசு வழங்கட்டும். மேடை வேறு, மதிப்பிடும் மேஜை வேறு.

ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோடு நான்கு விவரம் வாங்குங்கள்: கடந்த இரண்டு வருடத்தில் எந்தப் பத்திரிகையில் சம்பளமோ ஒப்பந்தமோ பெற்றார், எதில் உறவினர் இருக்கிறார், தன்னிடம் படித்த மாணவர் போட்டியில் உண்டா, அச்சு அல்லது விளம்பரத் தொழில் தொடர்பு உண்டா. பத்திரிகை பெயரை மறைத்து வைக்கலாமே என்பார்கள். உள்பக்கத்தில் பத்திரிகை பெயர் இருக்கும் மேல்வரியை ஒட்டி மறைக்கலாம். முதல் பக்கத்தில் பெயரை மூடினாலும் எழுத்துருவே காட்டிக்கொடுத்துவிடும். தனக்குச் சம்பந்தம் உள்ள பக்கம் வரும்போது நடுவர் விலகிக்கொள்ளும் விதிதான் கைகொடுக்கும்.

அந்த விதிக்கு 1979-ல் தொடங்கிய, செய்திப் பக்க வடிவமைப்பாளர்களின் சர்வதேச அமைப்பான சொசைட்டி ஃபார் நியூஸ் டிசைனின் முறையைப் பார்க்கலாம். அவர்களுடைய ஆண்டுப் போட்டியில் அச்சுப் பக்கங்களை நேரில் வைத்து மதிப்பிட்டபோது நடுவர்கள் கோப்பையில் சில்லு போட்டு வாக்களித்தார்கள். சம்பந்தப்பட்ட நடுவர் மஞ்சள் கோப்பை வைத்துவிட்டு நகர்ந்தார், மாற்று நடுவர் அந்தப் பக்கத்துக்கு வாக்களித்தார். சிறப்புச் சான்றுக்கு ஐந்தில் மூன்று வாக்கு தேவைப்பட்டது. நமக்குக் கோப்பைக்குப் பதில் டம்ளர், சில்லுக்குப் பதில் புளியங்கொட்டை போதும். டம்ளருக்கு மட்டும் மூடி வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுவார்.

100-க்கு மதிப்பெண் போடும் முறை வேண்டாம். நான்கு நடுவர்கள் ஒரு பக்கத்துக்கு 65-ம் இன்னொன்றுக்கு 61-ம் கொடுக்கிறார்கள். ஐந்தாமவர் முதலாவதுக்கு 30, இரண்டாவதுக்கு 90. கூட்டினால் 290, 334. நான்கு பேர் பின்னுக்குத் தள்ளிய பக்கம் ஜெயித்துவிடும். முதல் சுற்றில் ‘உண்டு, இல்லை’ மட்டும் போடச் சொல்லுங்கள். பக்கத்துக்கு 45 விநாடி வீதம் 120 பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மிஞ்சும் 30 பக்கத்துக்கு மூன்று நிமிடம் வீதம் இன்னொரு ஒன்றரை மணி நேரம். அங்கேதான் பேச்சு, வாதம் எல்லாம்.

செல்போனிலோ பிடிஎஃப்-இலோ காட்டாதீர்கள். அச்சான தாளை விரித்து வையுங்கள். ஆறடி மேஜையில் முழு அளவுப் பக்கம் நான்கு அடங்கும், ஆக 30 மேஜை வேண்டும். கல்யாண மண்டபத்தின் பந்தி மேஜைகள் இதற்கு அளவெடுத்தது போல இருக்கும். ஃபேன் போட்டால் தாள் பறக்கும், அதனால் ஸ்டீல் டம்ளர் வையுங்கள்.

நடுவர் பெயர்களைப் பதிவு முடிந்த பிறகு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல மூன்று நாள் கொடுங்கள். முன்பே சொன்னால் சிபாரிசு போன் வர ஆரம்பித்துவிடும். மதிப்பூதியம் ஐவருக்கும் ஒரே தொகை. மாற்று நடுவர் நாள் முழுக்க சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் அதே தொகை.