1998 ஓ-ப்ரியோன்: இப்போதே திறக்கலாமா, இன்னும் வைக்கலாமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். ஓய்வு பெற்றுப் போன என் மேலதிகாரி, தன் வீட்டு நிலவறையிலிருந்து 1998 ஷாத்தோ ஓ-ப்ரியோன் சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதமாகச் சமையலறை அலமாரியில் நிற்கிறது. இன்னும் பத்து வருடம் வைத்தால் விலை ஏறுமா? குடிப்பதென்றால் எப்படித் திறப்பது? மட்டன் பிரியாணியோடு சரிவருமா?

பதில்: முதல் வேலை, அதைச் சமையலறையிலிருந்து எடுங்கள். அடுப்புப் பக்கம் பகலில் சூடு, இரவில் குளிர் என்று மாறிக்கொண்டே இருப்பதைவிட ஒயினுக்குக் கெடுதல் வேறில்லை.

அடுத்து, லேபிளை முழுசாகப் படியுங்கள். லா மிஷன் ஓ-ப்ரியோன், லே கார்ம் ஓ-ப்ரியோன், லாரிவே ஓ-ப்ரியோன் என்று வேறு திராட்சைத் தோட்டங்களும் இருக்கின்றன. எல்லாம் நல்ல ஒயின்தான், ஆனால் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. வெறும் ஷாத்தோ ஓ-ப்ரியோன் என்றால் 1958 அறுவடையிலிருந்து பழைய கண்ணாடிக் குடுவைகளை நினைவூட்டும் ஒரு தனி வடிவப் பாட்டிலில்தான் அடைக்கிறார்கள், பார்த்ததுமே தெரியும்.

அந்தத் தோட்டம் பிரான்ஸின் போர்தோ நகரை ஒட்டிய பெஸாக்கில், இன்று சுற்றிலும் வீடுகள் சூழ்ந்த சரளை மண்ணில் இருக்கிறது. ஜான் த பொன்தாக் 16ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது. 1663இல் லண்டன் மதுக்கடை ஒன்றில் இதைக் குடித்துவிட்டு, இப்படி ஒரு தனிச்சுவையைக் கண்டதே இல்லை என்று ஆங்கிலேயரான சாமுவேல் பீப்ஸ் தன் டைரியில் எழுதிவைத்தார். போர்தோ ஒயின்களின் 1855 தரவரிசையில் சிவப்பு ஒயின்களுக்கு முதல் தகுதி பெற்ற நான்கில், போர்தோவுக்கு வடக்கே உள்ள மெதோக் பகுதிக்கு வெளியே இருந்தது இது ஒன்றுதான். 1935இல் கிளாரன்ஸ் தில்லன் என்ற அமெரிக்க வங்கியாளர் வாங்கினார், இன்றும் அவர் குடும்பத்திடமே இருக்கிறது.

உங்களுக்கு நல்ல சேதி, 1998 அந்தப் பகுதிக்கு வாய்த்த வருடம். செப்டம்பர் கடைசியில் கொட்டிய மழைக்கு முன்பே மெர்லோ ரகத் திராட்சை பழுத்து அறுவடையாகிவிட்டது. தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவிஞோன் ரகத்தை நம்பியிருந்த மெதோக்காரர்கள்தான் மழையில் மாட்டினார்கள்.

இனி, வைப்பதா குடிப்பதா? சுமார் 12-13 டிகிரியில், இருட்டில், கொஞ்சம் ஈரப்பதத்தோடு, படுக்கவைத்த நிலையில் இருந்தால் இந்த ஒயின் இன்னும் பல வருடம் தாங்கும். ஆனால் உங்களிடம் அப்படி ஒரு இடம் இல்லையே. விற்கலாம் என்றாலும், எங்கே எப்படி வைத்திருந்தீர்கள் என்று ஏலக்காரர்கள் கேட்பார்கள், சமையலறை அலமாரி என்ற பதில் விலையை ஏற்றாது. என்னைக் கேட்டால் இந்தக் குளிர்காலத்திலேயே குடித்துவிடுங்கள். அதுவரை வீட்டிலேயே குளிர்ந்த, இருட்டான ஒரு மூலையில் படுக்கவைத்தால் போதும்.

திறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு நிமிர்த்தி வையுங்கள், கசடு அடியில் படியட்டும். கார்க்குக்கு 25 வயது தாண்டிவிட்டது, சாதாரணத் திருகாணியில் பாதியில் உடைந்து உள்ளே விழ நிறைய வாய்ப்பு. இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்கின் இருபக்கமும் நுழைத்து, முறுக்கிக்கொண்டே இழுக்கும் திறப்பான் ஒன்று கடைகளில் கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள். திறந்ததும் கொஞ்சம் ஊற்றி முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெடுத்துவிட்டது என்று அர்த்தம், எவ்வளவு நேரம் காற்றாடவிட்டாலும் சரியாகாது. நன்றாக இருந்தால், பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து மெதுவாகக் குடுவைக்கு மாற்றி, கசடு கழுத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். இளம் ஒயின் போல மணிக்கணக்கில் விடவேண்டாம், அரை மணி நேரம் போதும், மீதி கிளாஸிலேயே விரியும். 16-18 டிகிரியில் பரிமாறுங்கள். ஹீட்டர் ஓடும் அறையின் சூடு அதற்கு அதிகம்.

பிரியாணி? மனசு வரவில்லை. மிளகாயின் காரத்தை ஆல்கஹால் இன்னும் எரியவிடும், துவர்ப்பும் கூடித் தெரியும், அந்தப் பழைய ஒயினின் புகை, புகையிலை, ஈரமண் வாசமெல்லாம் மசாலாவில் காணாமல் போகும். உப்பும் கொஞ்சம் மிளகும் மட்டும் போட்டு ஓவனில் வாட்டிய ஆட்டுத்தொடை, இல்லாவிட்டால் காளானோடு கோழி, அவ்வளவுதான். பிரியாணியை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு பாட்டில் 750 மில்லிதான், நாலு பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். கொடுத்தவர் பக்கத்தில் இருந்தால் அந்த நாலில் அவரும் ஒருவராக இருக்கட்டும்.