வெளியே உறைகுளிர், அப்புறம் விமானத்துக்கு ஏசி எதற்கு?

கேள்வி நியாயமானதுதான். 35,000 அடி உயரத்தில் வெளியே சுமார் மைனஸ் 54 டிகிரி. ஆனால் அந்தக் காற்று மூச்சுவிடவே போதாத அளவுக்கு மெலிந்தது, அதை அழுத்தித்தான் உள்ளே விட வேண்டும், அழுத்தினால் காற்று சூடாகிவிடும். சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அதே கதைதான் இங்கேயும். பெரும்பாலான ஜெட் விமானங்களில் எஞ்சினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரிலிருந்து எடுக்கும் இந்தக் காற்று 200 டிகிரியை ஒட்டி இருக்கும் (போயிங் 787 விதிவிலக்கு, அதில் தனியாக மின்சார கம்ப்ரஸர்).

இதைக் குளிரவைக்கும் சாதனத்துக்கு 'பேக்' என்று பெயர். வீட்டு ஏசி மாதிரி கேஸ் எதுவும் கிடையாது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். முதலில் ரேடியேட்டர் போன்ற ஒன்றில் வெளிக்காற்று பட்டுச் சூடு குறையும், அப்புறம் இன்னொரு முறை அழுத்தி, மறுபடி ஆறவைத்து, கடைசியில் ஒரு சின்ன டர்பைனுக்குள் (காற்று தள்ளச் சுழலும் விசிறி மாதிரி சக்கரம்) விரியவிடுவார்கள். டர்பைனைச் சுழற்றும் வேலையைக் காற்று தன் சூட்டைச் செலவழித்துத்தான் செய்கிறது, அதனால் உறைநிலை வரைகூடக் குளிர்ந்துவிடும். டயர் வால்வை அழுத்தினால் சில்லென்று காற்று வருமே, கிட்டத்தட்ட அப்படி. பிறகு தேவைக்கேற்பக் கொஞ்சம் சூடான காற்றைக் கலந்து உள்ளே அனுப்புவார்கள்.

புழுக்கமான ஊரில் விமானம் ஏறியதும் மேலேயிருந்து வெள்ளையாக இறங்குவதைப் பார்த்துப் புகை என்று பதறுபவர்கள் உண்டு. அது புகையல்ல, குளிர்காற்று பட்டுத் திரண்ட ஈரம்.