பொமரேனியனுக்குக் கோடையில் மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் பொமரேனியன் வெயில் தாங்காமல் நாள் முழுக்க மூச்சிரைக்கிறது. மெஷின் வைத்து முடியை ஒட்ட வெட்டிவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். இந்த இனத்துக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே உள்ள நீளமான முடிதான் வெயில் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட வெட்டினால் தோல் வெந்துபோகும். அதைவிடப் பெரிய சிக்கல், வெட்டிய முடி மாதக்கணக்கில் வளராமல் போகலாம். சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாகவே நின்றுவிடும்.

சூட்டை அடைத்து வைப்பது, உதிர்ந்தும் வெளியே வராமல் சிக்கிக் கிடக்கும் அடிமுடி. வாரம் 3 முறை வாருங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரியும் இடத்திலிருந்து ஸ்லிக்கர் பிரஷ்ஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ்) கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வாருங்கள். அழுத்தினால் கம்பி தோலைக் கீறிவிடும். பிறகு ஸ்டீல் சீப்பு. அது எங்கும் தட்டாமல் தோல்வரை இறங்க வேண்டும். மேலோடு வாரினால் பார்க்கப் பளபளக்கும், காதுக்குப் பின்னும் தொடையிடுக்கிலும் சடை அப்படியே இருக்கும்.

சடையை எடுத்த பிறகே குளிப்பாட்டுங்கள். நனைந்தால் முடிச்சு இறுகும். மாதம் ஒருமுறை நாய் ஷாம்பூ போதும். சூடில்லாத காற்றில் அடிவரை உலர்த்துங்கள், ஈரம் நின்றால் புண் வரும். பாதத்தின் அடியில் வளரும் முடியை மட்டும் கத்தரிக்கலாம்.

ஆனால் நாள் முழுக்க மூச்சிரைப்பது முடியால் மட்டும் இருக்காது. பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்வது சகஜம். உடல் பருமனும் காரணமாகலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தள்ளாடினாலோ எச்சில் கெட்டியாக வழிந்தாலோ உடனே உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, தாமதிக்காமல் தூக்கிச் செல்லுங்கள்.